1971 போரில் இருந்தார், பென்ஷன் இல்லை: உதவித்தொகைக்கு மனு போடுவது எப்படி?

கேள்வி, 3 அக்டோபர் 2025

அப்பாவுக்கு 78 வயது. 1965-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார். 1974-ல் தாத்தா இறந்ததும், வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பென்ஷன் கிடையாது. போன மாதம் ஒரு அலுவலகத்தில் விசாரித்தேன். "ஒன்பது வருஷ சர்வீசுக்கு ஒண்ணும் வராதும்மா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிஜமாகவே ஒன்றும் கிடையாதா?

பதில், 5 அக்டோபர் 2025

பென்ஷன் வராது என்பது சரி. ஒன்றும் வராது என்பது தவறு.

ஜவான்களுக்கு சர்வீஸ் பென்ஷன் வர 15 வருஷம் முடித்திருக்க வேண்டும், ஆபீசர்களுக்கு 20. ஒன்பது வருஷத்தில் வந்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆனால் பென்ஷன் இல்லாதவர்களுக்காகவே கேந்திரிய சைனிக் போர்டு, அதாவது முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு, ஒரு மாத உதவி வைத்திருக்கிறது. பெயர் பெனுரி கிராண்ட். 65 வயது தாண்டியிருக்க வேண்டும், ஹவில்தார் அல்லது அதற்குக் கீழான ரேங்கில் வந்திருக்க வேண்டும், வேறு நிரந்தர வருமானம் இருக்கக்கூடாது. மாதம் 4,000 ரூபாய். கணவர் இறந்திருந்தால் மனைவிக்கும் உண்டு.

மனுவை இணையத்தில் போட வேண்டும். அதைச் சரிபார்த்துப் பரிந்துரைப்பது உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பழைய ஆட்கள் வாயில் சைனிக் போர்டு. மனுவுக்குக் கட்டணம் இல்லை. "முடித்துத் தருகிறேன், முதல் மாதப் பணத்தைக் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வையுங்கள். எல்லாப் பக்கமும் வேண்டும், வெற்றுப் பக்கம் உட்பட. ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அன்று இரவு

படுத்த பிறகு நினைவு வந்தது, எழுந்து எழுதுகிறேன். "பென்ஷன் வராது" என்று காலையில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் பலரை ஏழு வருஷம் கலர் சர்வீஸ், எட்டு வருஷம் ரிசர்வ் என்ற கணக்கில் எடுத்தார்கள். ஏழு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் பெயர் ரிசர்வில் இருக்கும், கூப்பிட்டால் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து 15 வருஷம் ஆகியிருந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. இது தெரியாமலே வயலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே டிஸ்சார்ஜ் புக்கில் "காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ட்ரான்ஸ்ஃபர்டு டு ரிசர்வ்" என்றிருந்தால் கதை வேறு.

8 அக்டோபர் 2025

புத்தகத்தில் "அட் ஹிஸ் ஓன் ரிக்வெஸ்ட்" என்று இருக்கிறதாம், ரிசர்வ் என்ற சொல்லே இல்லையாம். சரி, ரிசர்விஸ்ட் பென்ஷன் இல்லை. சொந்த விருப்பத்தில் வந்ததால் முன்னாள் படைவீரரே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே, மகளே. யார் முன்னாள் படைவீரர் என்ற வரையறை டிஸ்சார்ஜ் ஆன தேதியைப் பொறுத்து மாறும். 1987 ஜூலை 1-க்குப் பிறகு பென்ஷன் இல்லாமல் தானே கேட்டு வந்தவர்களுக்குத்தான் அந்தச் சிக்கல். அண்ணன், உன் அப்பாவைத்தான் சொல்கிறேன், 1974-ல் வந்தவர், ஒன்பது வருஷம் இருந்தவர். வரையறைக்குள் வருகிறார்.

அதைவிடப் பெரிய விஷயம் நீ கடைசி வரியில் எழுதியது. முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது, சர்வீஸ் நம்பர் இல்லை.

பென்ஷன் வாங்காமல் வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ் 25 வருஷம்தான் வைத்திருக்கும். பிறகு விதிப்படியே அழித்துவிடுவார்கள். அண்ணனுடையது எப்போதோ போயிருக்கும். ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு உண்டு. சேர்ந்த தேதி, போன தேதி, பெயர், நம்பர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அதை அழிக்க மாட்டார்கள். அந்த வரியைத் தேட நம்பர் வேண்டும்.

அண்ணனிடம் கேள். பட்டாளத்துக்காரன் பெற்ற பிள்ளையின் பிறந்த நாளை மறந்தாலும் நம்பரை மறக்க மாட்டான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

9 அக்டோபர் 2025

நேற்று எழுதியது எல்லோருக்கும் பொருந்தாது என்று இன்று தெரிந்தது. போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணன் கடைசி மூன்று எண்ணை மாற்றி மாற்றிச் சொல்கிறாராம். அவரை வற்புறுத்தாதே. நம்பர் வரவில்லையே என்று அவர் வருத்தப்படுவது உனக்குப் புரியாத அளவு பெரியது.

மெடல் இருக்கிறதா? 1971-ல் இருந்தவர்களுக்கு சங்கிராம் மெடல் கொடுத்தார்கள். மேற்கில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார், கிழக்கில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார். சங்கிராம் மெடலை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் நாணயத்தை நிறுத்துவது போல நிறுத்தி விளிம்பைப் பார். நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் சுற்றி வெட்டியிருக்கும்.

புளி போட்டுத் தேய்த்துவிடாதே, சாம்பலும் வேண்டாம். ஏற்கெனவே தேய்ந்த எழுத்து அதோடு போய்விடும். முகத்துக்குப் போடும் பவுடரை விளிம்பில் விரலால் அப்பி, துணியால் மேலாக ஒரு முறை துடை. பள்ளத்தில் மட்டும் பவுடர் நிற்கும், எழுத்து வெள்ளையாகத் தெரியும். செல்போனில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்.

13 அக்டோபர் 2025

கிடைத்துவிட்டது! ஏழு இலக்கமும் கிடைத்துவிட்டது. அண்ணன் சொன்னதில் கடைசிக்கு முந்திய எண் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதை அவரிடம் சொல்லு. "நீங்க சொன்னது கிட்டத்தட்ட சரிதான்பா" என்று சொல்லு.

அடுத்து ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். நீ வேறு யூனிட் என்கிறாய். ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை) என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) என்றால் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. (இயந்திரப் பழுது பார்ப்பவர்கள்) என்றால் செகந்திராபாத், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூர். தனியாக எழுதாதே. மாவட்ட நல அலுவலகம் மூலமாகவே கடிதம் போகட்டும், நீ ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பு. மெடல் விளிம்பின் படத்தையும் மிச்சமிருக்கும் பக்கங்களின் நகலையும் இணை. டிஸ்சார்ஜ் புக் சிதைந்துவிட்டது, அதற்குப் பதிலாக சர்வீஸ் விவரச் சான்று வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை மட்டும் எழுது. ஒரு கடிதத்தில் நாலு விஷயம் கேட்டால் நாலும் நின்றுபோகும்.

18 அக்டோபர் 2025

முதல் குறிப்பில் 4,000 என்று எழுதியிருந்தேன். திருத்திக்கொள்ளுங்கள். இந்த வாரம் பாதுகாப்பு அமைச்சகம் அதை மாதம் 8,000 ஆக உயர்த்தியிருக்கிறது. நவம்பர் 1 முதல் கொடுக்கும் மனுக்களுக்கு இந்தத் தொகை. படிப்பு உதவி மாதம் 1,000-லிருந்து 2,000 ஆகிறது, திருமண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம்.

"ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்" என்றதும் நான்தான். இப்போது சொல்கிறேன்: காகிதம் எல்லாம் தயாராக இருந்தாலும் மனுவை நவம்பர் பிறந்த பிறகு போடுங்கள். உங்கள் ஊரில் இப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.

26 அக்டோபர் 2025

"பென்ஷன் வாங்குபவர்களுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன், நீளும்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ். 1979-ல் சேர்ந்தவன். 1988-ல் அமைதிப்படையோடு இலங்கையில், வன்னிப் பக்கம். காலையில் கான்வாய் போகுமுன் ரோட்டில் கண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பது எங்கள் வேலை. ஒரு நாள் பாலத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. சிதறல் என் இடது கெண்டைக்காலுக்குள் போனது. சத்தம் எதுவும் கேட்டதாக நினைவில்லை. பூட்ஸுக்குள் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது, அவ்வளவுதான். தூக்கிப்போய் ஒரு வீட்டுத் திண்ணையில் கிடத்தினார்கள். அந்த வீட்டுக் கிழவி என் முகத்தைப் பார்த்து, நான் முனகியதைக் கேட்டு, "தம்பி, நீ தமிழோ?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள்.

சட்டைப் பொத்தானில் ஒரு அட்டையைக் கட்டினார்கள், ஃபீல்ட் மெடிக்கல் கார்டு. அதில் பென்சிலில் "இஞ்சுரி லெஃப்ட் லெக்" என்று மட்டும் இருந்தது. எப்படி இஞ்சுரி, எதனால் என்று ஒரு சொல் இல்லை. எழுதியவனைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவன் முன்னால் என்னைப் போல ஆறு பேர் கிடந்தார்கள். ஆனால் அந்த அட்டையைப் பார்த்து அடுத்தவர் எழுத, அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் எழுத, கடைசியில் என் காகிதங்களில் நான் "பிசிகல் கேஷுவல்டி" ஆகிவிட்டேன். கிரிக்கெட் ஆடி விழுந்தவனுக்கும் அதே பெயர்தான். எதிரியாலோ கண்ணியாலோ அடிபட்டால் "பேட்டில் கேஷுவல்டி" என்று வர வேண்டும்.

அந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. 1996 ஜூலையில் 17 வருஷம் முடித்து வந்தேன். ரிலீஸ் மெடிக்கல் போர்டில் 30 சதவீத ஊனம் என்று போட்டார்கள். சாதாரண டிஸபிலிட்டி பென்ஷன் வந்தது. வாங்கிக்கொண்டேன். நண்பர் ஒருவர் என் பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் உத்தரவை, திருப்பிப் பார்த்து, "கண்ணிவெடியில் அடிபட்டவனுக்கு ஏன் வார் இஞ்சுரி பென்ஷன் இல்லை?" என்று கேட்கும்வரை எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. 2001 ஜனவரி 31 தேதியிட்ட அமைச்சகக் கடிதம் ஒன்று உண்டு. சாவையும் ஊனத்தையும் ஏ முதல் ஈ வரை பிரிக்கிறது. கண்ணி புதைப்பதும் அகற்றுவதும் ஈ பிரிவு. நான் ஈ. இன்றைய விதிப்படி நூறு சதவீத ஊனத்துக்குச் சாதாரண டிஸபிலிட்டி என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், வார் இஞ்சுரி என்றால் 60. இரட்டிப்பு.

கேட்டு எழுதினேன். "காகிதத்தில் பிசிகல் என்றிருக்கிறது" என்று பதில். மறுபடி எழுதினேன், அதே பதில். மூன்றாவது முறை நான் பென்ஷனைக் கேட்கவில்லை, யூனிட் பதிவான அன்றைய பார்ட் டூ ஆர்டரின் நகலை மட்டும் கேட்டேன். அதில் இருந்தது. யூனிட்டிலிருந்து அன்றைக்குப் போன தகவலில் "பேட்டில் கேஷுவல்டி" என்று தெளிவாக இருந்தது. பிறகு படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனலின் சென்னை பெஞ்சுக்குப் போய், 2012-ல் உத்தரவு வாங்கினேன். நிலுவை மூன்று வருஷத்துக்குத்தான் கிடைத்தது. தாமதமாகக் கேட்பவர்களுக்கு மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. மீதி வருஷங்கள் போனது போனதுதான். அதனால்தான் தெருவில் பார்க்கிற ஒவ்வொருவரையும் பி.பி.ஓ.வைக் கொண்டு வா என்கிறேன்.

2 நவம்பர் 2025

முந்திய குறிப்பில் "இரட்டிப்பு" என்றது என்னைப் போல காயத்தோடு சர்வீசைத் தொடர்ந்து முடித்து வந்தவர்களுக்கு. காயத்தாலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு நூறு சதவீத ஊனம் என்றால் கடைசிச் சம்பளம் முழுவதும். இதை விட்டுவிட்டேன், ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி.

இன்னொருவர் தன் 30 சதவீதம் ஏன் 30 ஆகவே நிற்கிறது என்கிறார். 50-க்குக் கீழ் இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்திக் கணக்கிட வேண்டும். முதலில் காயத்தால் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். சர்வீசை முடித்து வந்தவருக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் ஒன்றும் இல்லை. அதனால் மெடிக்கல் போர்டில் "எல்லாம் சரியாகிவிட்டது சார்" என்று வீறாப்பாகச் சொல்லாதீர்கள். நடக்கும்போது வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். வலிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம்.

வியாதி என்று வந்தவர்களுக்கு: சேரும்போது உங்கள் காகிதத்தில் அந்த வியாதி குறிக்கப்படவில்லை என்றால், நல்ல உடம்போடு சேர்ந்தீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், சர்வீசால் வரவில்லை என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. 2013, தர்மவீர் சிங் வழக்கு. "சர்வீசால் வந்ததல்ல" என்று ஒற்றை வரியில் மறுத்திருந்தால் அப்பீல் போடுங்கள்.

9 நவம்பர் 2025

நவம்பர். ராணுவப் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் ஆயுள் சான்று கொடுத்தாயிற்றா? 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைரேகை விழவில்லை என்றால் முகம் காட்டிக் கொடுக்கும் முறை இருக்கிறது, செல்போனிலேயே முடியும்.

16 நவம்பர் 2025

மகள் எழுதியது: "அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். பெனுரி என்றால் என்ன என்று கேட்டார். வறுமை என்று சொன்னேன். பிச்சை எடுக்கவா பட்டாளத்துக்குப் போனேன் என்று காகிதத்தைத் தள்ளிவிட்டார்."

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. மூன்று நாள் யோசித்தேன்.

அவர் கோபம் நியாயம். அந்தப் பெயரை வைத்தவர் ஒரு முறையாவது ஒரு வயசான சிப்பாயின் முன்னால் உட்கார்ந்து அதை உரக்கப் படித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். எதிரியின் டாங்கிக்கு முன்னால் நின்றவனை "நான் வறியவன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வது சின்ன விஷயமில்லை. நீ அவரோடு வாதாடாதே.

ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குச் சொல்லு. அது கொடிநாள் நிதி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ உண்டியலில் காசு போட்டு, சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொண்டு வந்திருப்பாய். 1949-லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் இந்த நாட்டுப் பிள்ளைகள் போட்ட காசு. யாருக்கு என்று கேட்டால் டீச்சர் என்ன சொல்லியிருப்பார்? "நமக்காகச் சண்டை போட்டவங்களுக்கு" என்றுதானே. அதில் அவர் பங்கு இது. தானம் இல்லை. ஐம்பது வருஷமாக அவர் பெயரில் எடுத்து வைத்தது.

அப்படியும் மாட்டேன் என்றால் விட்டுவிடு. கொஞ்ச நாள் கழித்து அவரே கேட்பார்.

7 டிசம்பர் 2025

இன்று கொடிநாள். பேரப்பிள்ளை கொடி குத்திக்கொண்டு நின்றதை அண்ணன் பார்த்துவிட்டு, "அந்தப் பேப்பரை எடுத்துட்டு வா" என்றாராம். நான் இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

21 டிசம்பர் 2025

ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து சான்று வந்துவிட்டது, லாங் ரோலில் பெயர் இருந்திருக்கிறது. அதோடு இரண்டு தொல்லையும் வந்திருக்கிறது.

ஒன்று, பிறந்த தேதி. பட்டாளக் காகிதத்தில் 1947, ஆதாரில் 1951. அந்தக் காலத்தில் பிறப்புச் சான்று கேட்டதில்லை, டாக்டர் பல்லைப் பார்த்து ஆளைப் பார்த்து ஒரு வயசு போட்டார். ஆதாரிலும் யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைப் பதிந்திருக்கிறார். பட்டாளக் காகிதத்தை மாற்ற முயலாதே, ஆயுசு போதாது. ஆதாரைத்தான் திருத்த வேண்டும். எப்படிப் பார்த்தாலும் 65 தாண்டிவிட்டது என்று அலட்சியமாக இருக்காதே. வங்கிக் கணக்கும் ஆதாரும் பட்டாளப் பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு, பெயர். வடக்கத்திக் கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். பழனிச்சாமி "பலானி சுவாமி" ஆகியிருப்பார். இன்ஷியல் முன்னால் இருந்து வாலுக்குப் போயிருக்கும். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி இணை.

முதியோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் மனுவில் மறைக்காதே. பிறகு தெரிந்தால் இரண்டும் நிற்கும்.

11 ஜனவரி 2026

கணவரை இழந்த ஒரு அம்மா கேட்டது, இதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அவர் கணவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு கல்யாணம் செய்துகொண்டவர். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் இல்லை. அவர் போன பிறகு இந்த அம்மா மனைவி என்று நிரூபிக்கவே இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

கணவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. கல்யாணச் சான்று, கூட்டுப் புகைப்படம், ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் மனைவி பெயரைச் சேர்த்துவிடுங்கள். பென்ஷன்காரர்கள் என்றால் பி.பி.ஓ.விலும் வர வேண்டும். ஸ்பர்ஷில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். என்னுடையதில் மனைவியின் பிறந்த வருஷம் ஏழு வருஷம் தள்ளி இருந்தது.

மகளே, உன் அம்மா பெயரும் அந்த மிச்சப் பக்கங்களில் இருக்கிறதா என்று பார்த்தாயா?

25 ஜனவரி 2026

அம்மா பெயர் சேர்த்தாயிற்று. மனுவும் ஏறிவிட்டது.

அண்ணனுக்கு ஒரே வருத்தம், மனுவில் சிப்பாய் என்று இருக்கிறதாம். தான் லான்ஸ் நாயக் என்கிறார். பொய் சொல்லவில்லை. அப்போது சம்பளம் இல்லாமல் கையில் ஒரு பட்டி மட்டும் கொடுத்து லான்ஸ் நாயக் வேலை வாங்கினார்கள். பத்துப் பேரை நடத்தியிருப்பார், காகிதத்தில் சிப்பாயாகவே நிற்பார். மனுவில் ரெக்கார்ட் ஆபீஸ் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும், மாற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தக் காரணத்தை நீயே அவருக்கு விளக்கிச் சொல்லு. என் எண் உன்னிடம் இருக்கிறது. சாயங்காலம் அவரைப் பேசச் சொல், நான் அவரை லான்ஸ் நாயக் என்றே கூப்பிடுகிறேன்.

மனு எண்ணை டிஸ்சார்ஜ் புக்கின் அட்டைக்குள் எழுதி வை. ஒரு மாதம் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு நேரில் போ.